கண்ணாடி அலுமாரிக்குள் ஏழு போர்வைகள்

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். அது ஊருக்கே தெரிந்த விஷயம், மறைத்து எழுதிப் பிரயோசனமில்லை. நான் இங்கே சொல்லப்போகும் சங்கதி முழுக்க அந்தக் கோபத்தால் வந்த வினைதான்.

தலவாக்கலைக் கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆண்கள் உடுப்பு மட்டும்தான் தைப்பேன். சட்டை, கால்சட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை யூனிபோம். இப்போதெல்லாம் ரெடிமேட் வாங்கி வந்து, "அண்ணே, காலைக் கொஞ்சம் குறைச்சுத் தாங்க" என்பவர்களே பாதிப் பேர். அதுவும் வேலைதான், எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. யார் எதைக் கொண்டு வந்தாலும் "வியாழக்கிழமை வாங்க" என்பேன். எந்த வியாழக்கிழமை என்று மட்டும் சொல்வதில்லை. தையல்காரனாகப் பிறந்தவன் எவனும் சொல்ல மாட்டான். எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடக்காது என்றால், "அது அப்பாவோட வியாழக்கிழமை" என்பாள் என் மகள்.

துணி வெட்டினால் துண்டு மிஞ்சும். தேயிலைக் கொழுந்து எடுக்கிற மலையில் காம்பு விழுவது போலத்தான். அந்தத் துண்டுகளை மூட்டையாகக் கட்டி மெசினுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தேன். எதிரில் சலூன் வைத்திருக்கிற என் கூட்டாளிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பையன் பிறந்தான். கையை வீசிக்கொண்டு போய்ப் பார்க்க மனம் வரவில்லை. மூட்டையை அவிழ்த்து, சட்டைத் துணித் துண்டுகளைக் கையகலச் சதுரங்களாக வெட்டி, கோடு போட்டது, கட்டம் போட்டது, வெறும் நீலம் என்று மாற்றி மாற்றி ஒட்டி, பிள்ளைக்கு விரிக்கவும் போர்த்தவும் ஆகிற மாதிரி ஒரு போர்வை தைத்தேன். அதுதான் முதலாவது.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வந்தது. எங்கள் ஊர்க் குளிருக்கு ஒற்றைத் துணி எந்த மூலைக்கு? மேலே ஒட்டுத்துணி, கீழே கெட்டித் துணி, நடுவில் பழைய கம்பளி இரண்டு மடிப்பு. விரலகலத்துக்கு ஒரு தையல் வீதம் மேலிருந்து கீழ்வரை ஓட்டினேன். ஓரம் சுருளாமல் இருக்க, சட்டைக் கொலருக்குள் வைத்துத் தைக்கிற விறைப்பான கன்வஸ் துணியை நாலு பக்கமும் உள்ளே கொடுத்தேன். என் தையலில் கொலர் என்றால் கொலர்தான், இருபது தடவை துவைத்தாலும் தலை சாயாது. போர்வையும் அப்படியே. சுவரில் சாய்த்து வைத்தால் தானாக நிற்கும். கடைக்கு வருகிறவர்களிடம் நிறுத்திக் காட்டி, "பார்த்தீங்களா ஃபினிஷிங்கை?" என்று கேட்பேன். எல்லோரும் "அடேங்கப்பா" என்றார்கள்.

அதற்குப் பிறகு சொந்தத்தில் பிள்ளை பிறந்தால் ஒரு போர்வை, கூட்டாளி வீட்டில் பிறந்தால் ஒரு போர்வை என்று ஆகிவிட்டது. கொத்மலையில் என் கொழுந்தியாள் வீட்டுக்கு ஒன்று, நோட்டன் பிரிட்ஜில் தம்பி வீட்டுக்கு இரண்டு, பக்கத்துத் தோட்டத்து லயத்து வீடுகளில் இரண்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற டீச்சருக்கு ஒன்று. மொத்தம் ஏழு. சட்டைக்கு ஆயிரம் நொட்டை சொல்கிற சனம், போர்வையை வாங்கும்போது மட்டும் இரண்டு கையாலும் வாங்கும். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

கூட்டாளியின் பையனுக்கு முதலாவது பிறந்தநாள் வந்தது. கேக் வெட்டப் போயிருந்தோம். சோற்றுத் தட்டோடு நிமிர்ந்து பார்த்தால், எதிரில் கண்ணாடி அலுமாரி. மேல் தட்டில் கல்யாண அல்பம், பக்கத்தில் பிளாஸ்டிக் ரோசாப்பூ, நடுவில் என் போர்வை. நான் கொடுத்த அதே பொலித்தீன் உறையோடு, நான் போட்ட அதே மடிப்போடு நிற்கிறது. ஒரு நாள்கூடப் பிரிக்கவில்லை.

"என்னடா இது?" என்றேன்.

"அழகா இருக்குல்ல? வர்றவங்க எல்லாருக்கும் காட்டுறோம்" என்றான் அவன்.

"காட்டுறதுக்கா தைச்சேன்? பிள்ளை மூத்திரம் போறதுக்குத் தைச்சேன்டா!"

வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி என் காலை மிதித்தாள். கூட்டாளி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தான்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் கண்ணாடி அலுமாரிக்குத்தான் போகும். கொத்மலையில், பரிசுக் கிண்ணத்துக்குப் பின்னால் இருந்தது. டீச்சர் வீட்டில் சரஸ்வதி படத்துக்குக் கீழே, என்னவோ பூசைக்கு வைத்த மாதிரி. தம்பி வீட்டில் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். போகிற வீடெல்லாம் நான் எரிந்து விழுந்தேன். "புதுசு, அழுக்காயிரும்னுதாங்க" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்கள். ஒருத்தர்கூட வேறு காரணம் சொல்லவில்லை.

அப்போதுதான் என் மகள் உண்டானாள். நுவரெலியாவில் புடவைக் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் அவளைக் கொடுத்திருக்கிறோம். நல்ல மனிதர்கள், வசதியானவர்கள். ஏழாம் மாதம் வளையல் போட்டு எங்கள் லயத்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வந்த அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன்: "என் பேரப்பிள்ளையாவது என் போர்வையில படுக்கணும். அலுமாரியில வச்சீங்க, கண்ணாடியை உடைச்சிருவேன்."

"பிள்ளை பிறக்கட்டுங்க முதல்ல. பிறக்காத பிள்ளைக்குத் துணி தைக்கிறவங்க எங்கயாச்சும் உண்டா?" என்று என் மனைவி அதட்டினாள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் கை சும்மா இருக்குமா? கடையில் வைத்து ஒளித்துத் தைத்தேன். இருப்பதிலேயே நல்ல துண்டுகளைப் பொறுக்கினேன். மாப்பிள்ளைச் சட்டை தைத்து மிஞ்சிய பட்டுத் துண்டுகூட அதில் இருந்தது. ஓரத்துக்குக் கன்வஸ் இரட்டையாகக் கொடுத்தேன். எட்டாவது போர்வை மற்ற ஏழையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று எனக்கு நிச்சயம்.

பெண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் சுற்றியது நான் இடுப்பில் கட்டித் தேய்ந்த வெள்ளைச் சாரத்தின் கிழிசலைத்தான். பச்சைப் பிள்ளைக்குப் பழந்துணிதான் போட வேண்டும், முப்பது கழியாமல் புதுத்துணி ஆகாது என்று எங்கள் பக்கம் வழக்கம். நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது கழிந்த மறுநாள் காலையில் போர்வையை எடுத்து வந்து மனைவி கையில் கொடுத்தேன். அவளும் மகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு மகள், "சரிப்பா, போடுறோம்" என்றாள்.

அன்றைக்கு நான் கடைக்குப் போனது நடையா பறப்பா என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் லயத்துப் படியில் ஏறும்போது வழக்கம்போல இருமினேன். எனக்குப் படி ஏறினால் இருமல் வரும். உள்ளே போனேன். விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் பிள்ளை, அவளுக்கு அடியில் என் போர்வை. கண் நிறைந்துவிட்டது. ஆனால் பிள்ளை வீரிட்டு அழுதாள்.

மறுநாளும் அப்படித்தான். இருமினேன், உள்ளே போனேன், போர்வையில் பிள்ளை இருக்கிறாள், ஆனால் வாயைப் பிளந்து அழுகிறாள். மூன்றாம் நாளும் அதே கதை. காலையில் என் மடியில் சமர்த்தாகத்தான் இருக்கிறாள். சாயங்காலம் நான் வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தால் மட்டும் அழுகை.

"என்னைக் கண்டா பயப்படுறா போல" என்றேன் மனைவியிடம். விளையாட்டுக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன். உள்ளுக்குள்ளே வலித்தது. ஊரெல்லாம் பயப்படட்டும், இவள் பயப்பட்டால் எப்படித் தாங்குவது? மனைவி வெங்காயம் உரிப்பதை விட்டு நிமிரவேயில்லை.

ஒரு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் காலையில் கடைக்குப் பாதி வழி போன பிறகுதான், மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பினேன். படி ஏறாமல் சுற்றுப் பாதையால் மெதுவாக வந்ததால் இருமல் வரவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தால், பிள்ளை தொட்டிலில் சொக்கித் தூங்குகிறாள். அடியில் என் மனைவியின் பழைய வொயில் சேலை. என் போர்வை? அலுமாரி மேலே, சுவரில் சாய்ந்து தானாக நிற்கிறது.

எண்ணெயில் போட்ட கடுகு போல வெடித்தேன். "எனக்கே நாடகம் போடுறீங்களா? என் வீட்டுக்குள்ளேயே? நான் இருமினா எடுத்துப் போடுறது, அந்தப் பக்கம் போனா தூக்கி எறியுறது, அப்படித்தானே?"

என் மகள் சின்ன வயதிலிருந்தே நான் சத்தம் போட்டால் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்வாள். அன்றைக்கு ஒளியவில்லை. பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று மெதுவான குரலில், ஆனால் நேராகப் பார்த்து, "அப்பா, இங்க வாங்க" என்றாள்.

போனேன். போர்வையை எடுத்து வந்து, பிள்ளையை மனைவி கையில் கொடுத்துவிட்டு, அதைத் தொட்டிலுக்குள் விரித்தாள். விரித்தாள் என்று சொல்ல முடியாது, சொருகினாள். "இப்ப கையை உள்ள விட்டுப் பாருங்க."

விட்டேன். சேலை தொங்குகிற வளைவுக்கு என் போர்வை வளையவேயில்லை. இரண்டு பக்கமும் பலகை போல முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் கூரை ஓடு கவிழ்த்த மாதிரி ஒரு மேடு. பிள்ளையை வைத்தால் ஒரு பக்கம் சரிவாள், சரிகிற பக்கத்தில் ஓரத்துக் கன்வஸ் காத்திருக்கும்.

"முதல் நாள் கன்னத்துல செவப்பா ஒரு கோடு விழுந்துச்சுப்பா. நீங்க வர்ற நேரம் மட்டும்தான் இதுல போடுறோம். அதான் நீங்க வந்தா அழுவுறா. உங்களைப் பார்த்து இல்ல."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடமாகத் தைக்கிறேன். அளவெடுக்காமல் ஒரு பொத்தான்கூட வைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை எங்கே படுக்கும் என்று தெரியாதவனா நான்? என்னையும் சேலைத் தொட்டிலில்தான் ஆட்டினார்கள். அப்படியிருந்தும் எட்டுப் பிள்ளைகளுக்கு, படத்தில் பார்த்த எந்த நாட்டுக் கட்டிலுக்கோ தைப்பது போல நாலு மூலையும் சதுரமாகத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு தொட்டிலுக்குள்ளேகூடக் கையை விட்டுப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அந்தக் கோடு இன்னும் இருக்கிறதா என்று பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தேன். இல்லை.

"அப்ப அந்த ஏழு போர்வையும்?" என்று கேட்டேன்.

"எல்லா வீட்டிலயும் அதே கதைதாங்க" என்றாள் மனைவி. "கொத்மலையில என் தங்கச்சி ரெண்டு நாள் போட்டுப் பார்த்திருக்கா. அத்தான் ஆசையாத் தைச்சுக் கொடுத்தது, தூக்கிப் போட மனசு வரல. அதான் அலுமாரியில வச்சாங்க."

"எவளாச்சும் எங்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அத்தனை வீட்டிலும் நான் போட்ட சத்தம் முழுக்க எனக்கே கேட்டது. கொலரைப் பிடித்துச் சொல்ல வேண்டியதை, பாவம், கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். கோபப்படத் தெரிந்தவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிவதில்லை. நான் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தேன்.

"பிள்ளையைத் தொட்டில்ல போடு" என்றேன்.

பழைய சேலையின் மேல் அவளைப் படுக்க வைத்தார்கள். கீழே குனிந்து, வளைவின் அடியில் தலையிலிருந்து கால் வரை அளந்தேன். குறுக்கே அளந்தேன். தோள் எங்கே முட்டுகிறது, குதிகால் எங்கே உதைக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அளவெடுக்கும்போது தூங்கிய ஒரே வாடிக்கைக்காரி அவள்தான். என் மனைவிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"எப்பங்க கிடைக்கும்? வியாழக்கிழமையா?"

"போடி" என்றேன்.

எட்டாவது போர்வையைப் பிரித்தேன். விரலகலத்துக்கு ஒரு தையல் போட்டவனை அன்றைக்கு நானே வாய்க்கு வந்தபடி திட்டினேன். கன்வஸை உருவி எறிந்தேன். கம்பளியை எடுத்தேன். புதுத் துண்டுகளும் வேண்டாம் என்று தோன்றியது. முப்பது நாளும் பழந்துணியில் படுத்த பிள்ளைக்குத் திடீரென்று கஞ்சி போட்ட புதுத்துணி எப்படிப் பிடிக்கும்? நான் போட்டுத் தேய்ந்த சட்டைகள் நாலு, மனைவியின் வொயில் சேலை ஒன்று. இரண்டே மடிப்பு. மூலைகளை வளைத்து வெட்டி, ஓரத்தை மட்டும் மெசினில் அடித்து, நடுவில் கையால் எட்ட எட்ட நூலோட்டினேன். தூக்கிப் பார்த்தால் துவண்டு விழுந்தது. சுவரில் சாய்த்தேன், பொத்தென்று தரையில் சரிந்தது. எனக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாகத்தான் இருந்தது. இருபது வயதில் இப்படித் தைத்திருந்தால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கத்தரியாலேயே அடித்திருப்பார்.

மறுநாள் சாயங்காலம் படியேறினேன். இருமல் வந்தது, அடக்கவில்லை. உள்ளே போய்த் தொட்டிலை எட்டிப் பார்த்தேன். போர்வையில் கிடந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தொட்டிலுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுகிற மாதிரி மூத்திரம் போனாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

மூன்றாம் மாதம் மகள் நுவரெலியாவுக்குத் திரும்பிப் போகிற நாள் வந்தது. போர்வையை மடித்துப் பையில் வைத்தாள். புடவைக் கடைக்காரர் வீடு. தட்டுத் தட்டாகப் புதுத்துணி இருக்கிற இடத்தில், என் அழுக்குச் சட்டையைப் பிள்ளைக்கு அடியில் போட விடுவார்களா? சம்பந்தியம்மா பார்த்தால் என்ன நினைப்பார்? மரியாதைக்கு வாங்கி மடித்து அலுமாரியில் வைத்துவிட்டால்? கேட்க வாய் வரவில்லை. பஸ் ஏற்றிவிட்டுக் கையைக் காட்டிவிட்டு வந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு போயா நாள், பௌர்ணமி என்பதால் கடைக்கு லீவு. மனைவியைக் கூட்டிக்கொண்டு பேத்தியைப் பார்க்கப் போனேன். நுவரெலியாவில் பனி மூடிக் கடைவீதியே தெரியவில்லை. சம்பந்தி வீட்டு ஹோலில் நுழைந்ததும் என் பாழாய்ப் போன கண் எங்கே போகும்? சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலுமாரி. மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு எல்லாம் பார்த்தேன். போர்வை இல்லை. அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிடமே, தூக்கி எறிந்துவிட்டார்களோ என்று மூலை முடுக்கெல்லாம் கண்ணால் தேடினேன். பிள்ளை மகளின் தோளில் கிடந்து சிணுங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் வெறுமையாக இருந்தது.

சம்பந்தியம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதிகம் பேசாத மனுசி. தயங்கித் தயங்கி, "சம்பந்தி, உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

எல்லோரும் என்னிடம் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். "சொல்லுங்க, கோவிக்க மாட்டேன்" என்றேன். அன்றைக்கு அதை மனதாரச் சொன்னேன்.

அடுப்படிக்குக் கூட்டிப் போனார். அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் என் போர்வை தொங்கியது. சாயம் போய், நடுவில் ஒரு பெரிய மஞ்சள் கறையோடு, ஓரத்தில் புகையேறிக் கிடந்தது.

"கறை எவ்வளவு தேய்ச்சும் போகல. அது கிடக்கட்டும். ரெண்டு வாரமா வெயிலே இல்லை. துவைச்சாக் காய ரெண்டு நாளாகுது. அதுவரைக்கும் இவ தூங்க மாட்டேங்குறா. கடையில இருக்கிற பேபி ஷீட் அத்தனையும் போட்டுப் பார்த்துட்டோம், ஒன்னுலயும் படுக்க மாட்டா. இதே மாதிரிப் பழசுல இன்னொன்னு தைச்சுத் தருவீங்களா? உங்களுக்கு நேரம் இருக்கும்போது தாங்க, அவசரமில்ல."

ஹோலிலிருந்து மகள் கத்தினாள்: "அத்தை, அப்பாகிட்ட நேரம் இருக்கும்போதுன்னு சொல்லாதீங்க! அடுத்த வருசம் வியாழக்கிழமைதான் வரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்குக் கீழேயே இருக்கிற அவர்கள் கடையில் சேலைக்கு ஓரம் அடிக்க ஒரு மெசின் இருப்பது எனக்குத் தெரியும். போயாவுக்குக் கடை பூட்டியிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன். சம்பந்தியம்மா தன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்தார். இன்னொரு மடிப்புக்குத் துணி? ஸ்வெட்டரைக் கழற்றினேன், உள்ளே போட்டிருந்த எட்டு வருடச் சட்டையைக் கழற்றினேன், ஸ்வெட்டரை மட்டும் மறுபடி போட்டுக்கொண்டேன். "ஐயோ, இந்தக் குளிர்ல என்னங்க இது!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அளவெடுக்கத் தேவையிருக்கவில்லை. அளவு எனக்கு மனப்பாடம்.

மத்தியானச் சோற்றுக்கு இலை போடுவதற்கு முன்பே போர்வையை மேலே கொண்டுவந்து தொட்டிலில் விரித்தேன். மகள் பிள்ளையைக் கிடத்தினாள். பிள்ளை இரண்டு தடவை உதைத்தாள், முகத்தைத் துணியில் தேய்த்தாள், தூங்கிவிட்டாள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை.